தப்புச் சொல்லும் வேலை

பயிற்சி தொடங்கி நாற்பத்தொரு மணி நேரம் இருபது நிமிடத்தில் என்னுடைய கடைசி உண்மையான தப்பு நடந்தது. அதற்குப் பிறகு நான் செய்தவை எல்லாம் வேலைக்காகச் செய்தவை.

அந்தத் தப்பு நன்றாக நினைவிருக்கிறது. விமானச் சிமுலேட்டரில் புறப்பட்டு, மலைக்குத் தெற்கே திரும்பிக்கொண்டிருந்தேன். ஒன்பதாயிரம் அடிக்கு ஏறச் சொன்னார்கள். நான் எட்டாயிரம் என்று திருப்பிச் சொன்னேன். அதற்கு முந்தைய பயணங்களில் எல்லாம் அந்த இடத்தில் எட்டாயிரம்தான் சொல்லியிருந்தார்கள். அதனால் என் மனம் எட்டாயிரத்துக்குத் தயாராக இருந்தது. என் குரலில் தடுமாற்றமே இல்லை. சரியாகச் சொல்லிவிட்ட நிம்மதியோடு வரைபடத்தில் அடுத்த புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது ஹெட்போனில் குரல் வந்தது. இல்லை, ஒன்பதாயிரம்.

தப்பு செய்யும்போது அது தப்பு மாதிரி இருக்காது. சரியாகச் சொல்வது எப்படி இருக்குமோ அப்படியேதான் இருக்கும். இதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

எங்கள் அலுவலகம் ஊருக்கு வெளியே, காற்றாலைகளுக்கு நடுவே, மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. இரண்டாம் மாடியில் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் உட்காரும் அளவு. உள்ளே விமானியின் இருக்கை, கருவிகள், திரை, ஹெட்போன், வரைபடம் செருகிவைக்க ஒரு பலகை. அவற்றைக் கூண்டு என்போம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று நிரஞ்சனா மேடம் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். அவர் சென்னையிலிருந்து வந்தவர். எங்கள் மாடிக்குப் பொறுப்பாளர்.

"விமானத்துக்கு ரேடியோவில வழி சொல்ற வேலையை இனிமே மெஷின் செய்யப்போகுது கிருபா. வழி சொல்றது ஈஸி. அதைக் கத்துக்கொடுத்தாச்சு. ஆனா நம்ம சொன்னதை பைலட் திருப்பிச் சொல்லணும் இல்லையா? அவர் தப்பா திருப்பிச் சொன்னா உடனே புடிக்கணும். அதுதான் கஷ்டம். அதைக் கத்துக்கொடுக்கத் தப்பு வேணும். நிறைய வேணும்."

"நிஜ பைலட் பேசினது ரெக்கார்ட் ஆகியிருக்குமே மேடம்?"

"அவங்க ரொம்பக் கம்மியாத்தான் தப்பு பண்றாங்க. புதுசா கத்துக்கிறவங்கதான் தாராளமா பண்ணுவாங்க. அதுக்குத்தான் நீ."

"நான் என்ன செய்யணும்?"

"மனசார கத்துக்கணும். அவ்வளவுதான். தப்பு தானா வரும்."

"கத்துக்கிட்டதுக்கு அப்புறம்?"

மேடம் கணினித் திரையைப் பார்த்தார். "காண்ட்ராக்ட் மூணு மாசத்துக்கு ஒருதடவை புதுப்பிப்போம்," என்றார்.

அதற்கு முன் நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். நேர்முகத் தேர்வுகளில் எனக்குக் குரல் வராது. கேள்விக்குப் பதில் தெரியும். சொல்வதற்குள் அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். சாப்பாடு போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள். நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்து, சாயங்காலம் பேசிப் பார்க்கும்போது குரல் கரகரவென்று வரும்.

கூண்டுக்குள் எனக்கு அந்தச் சிரமம் இல்லை. அங்கே என்ன பேச வேண்டும், எந்த வரிசையில் பேச வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டிருந்தது. மூன்றை 'ட்ரீ' என்று சொல்ல வேண்டும். ஐந்து 'ஃபைஃப்'. ஒன்பது 'நைனர்'. இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. பட்டனை அழுத்திவிட்டு ஒரு மூச்சு விட வேண்டும், அப்புறம் பேச வேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்லி, கடைசியில் நம் பெயரைச் சொல்ல வேண்டும். என் விமானத்தின் பெயர் விக்டர் கிலோ பாப்பா. அந்தப் பெயரில் பேசும்போது நான் கூச்சப்பட்டதே இல்லை.

வரைபடமும் பிடித்துவிட்டது. முதல் வாரம் அதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெரிய எண்ணும் அதன் தோளில் ஒரு சிறிய எண்ணும் போட்டிருப்பார்கள். பெரிய எட்டு, சிறிய ஒன்று. நான் எண்பத்தொன்று என்று படித்தேன். அது எட்டாயிரத்து நூறு. அந்தக் கட்டத்துக்குள் அந்த உயரத்துக்குக் கீழே வந்தால் மலையில் மோதலாம் என்று அர்த்தம். எங்கள் ஊர் வரைபடத்தில் இல்லை. இரண்டு வான்பாதைகளுக்கு நடுவே வெறும் வெள்ளையாக விட்டிருந்த இடத்தில் நாங்கள் இருந்தோம்.

இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை புது வரைபடம் வரும். பழையது காலாவதி ஆகிவிடும். எங்களுக்குக் காலாவதியானதைத்தான் தருவார்கள்.

எங்கள் பேச்சைக் கேட்டுத் தப்பைப் பிடிக்கிற இயந்திரத்துக்கு அலுவலகத்தில் ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மாடியில் எல்லாரும் அதை மாமியார் என்றுதான் சொன்னோம். பெயர் வைத்தது இசக்கியக்கா.

இசக்கியம்மாள் என் பக்கத்துக் கூண்டு. முப்பத்திரண்டு வயது இருக்கும். அவளும் பட்டதாரிதான், கணிதம். நான் சேர்ந்தபோதே நாலு மாதமாக அங்கே இருந்தாள். அதுவே அங்கே நீண்ட காலம். கணவர் வளைகுடாவிலிருந்து முழங்கால் போய்த் திரும்பி வந்து வீட்டில் இருந்தார். சமைப்பதும் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவர். இசக்கியக்கா பகலில் இங்கே இருப்பாள். ராத்திரி ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்காருகிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். காலையில் வரும்போதே கண்கள் சிவந்திருக்கும்.

"ஏளா கிருபா, ஒம் மாமியா இன்னைக்கு எத்தனை புடிச்சா?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பாள்.

"ஏழுக்கா."

"எனக்குப் பன்னெண்டு. எம் மாமியா கெட்டிக்காரி."

"வீட்டு மாமியாரா, இதாக்கா?"

"வீட்டுல உள்ளவ ஒண்ணையும் விடமாட்டா. இவளாவது செலத விடுதா."

சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸ் மூடியில் சாய்ந்து பத்து நிமிடம் தூங்கிவிடுவாள். யாரும் எழுப்பமாட்டார்கள்.

நாற்பத்தொரு மணி நேரத்துக்குப் பிறகு எனக்குத் தப்பு வருவது நின்றுபோனது. ஒரு வாரம் முழுக்க ஒன்றுகூட இல்லை. திரும்பிப் பார்த்தால் அது சந்தோஷமான வாரம். சொன்னது அப்படியே காதில் விழுந்தது, வாயில் வந்தது. கை தானாக வரைபடத்தில் அடுத்த அலைவரிசைக்குப் போனது. வெள்ளிக்கிழமை மேடம் கூப்பிட்டு, "ரொம்ப நல்லா பண்றே," என்றார். சொன்ன விதம் அனுதாபம் சொல்வது போல இருந்தது.

வெளியே வந்ததும் சுடலைமுத்து அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வயது. முன்பு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். மூன்றாவது கூண்டு.

"இப்பிடியே சரியாச் சொல்லிக்கிட்டிருந்தேன்னா அடுத்த மாசம் நீ வீட்லதான் இருக்கணும், தெரியும்லா?"

"தப்பு வரமாட்டேங்கு அண்ணாச்சி."

"வராது. போடணும். நாங்கள்லாம் எப்பிடி இருக்கோம்னு நெனைக்க?"

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். நீ ஒண்ணுந் தெரியாதவ மாதிரி முழிக்காத. காலம்பற மூணு போடு. மத்தியானம் அஞ்சு. சாப்பிட்டுட்டு வந்தா தப்பு கூட வரும்னு அவ்வோளே நம்புதாவ."

"எப்பிடிப் போடணும்?"

"நம்பர மாத்திச் சொல்லு. இல்ல, போன தடவ சொன்னதச் சொல்லு. ஆனா ஒடனே சொல்லிராத. ஒரு நொடி யோசிச்சு, தெணறிச் சொல்லு. அப்பத்தான் நெசம் மாதிரி இருக்கும். நான் நடுவுல ஒரு 'ஆ' கூடப் போடுவேன். ஸ்கூல் நாடகத்துல ராஜா வேசம் போட்டவனாக்கும்."

"அதான் ராஜ்யம் போச்சு," என்றாள் இசக்கியக்கா, கடந்து போகும்போது.

"இந்தா போறாளே, இவளும் போடுதாதான். ஆனா எப்பிடின்னு யாருக்கும் சொல்லமாட்டா. தொழில் ரகசியம்."

இசக்கியக்கா தன் கூண்டுக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நானும் போட ஆரம்பித்தேன். சரியான எண் காதில் விழும். வாய்க்கு வந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தி, வேறொரு எண்ணைத் தேடி எடுத்து, தயங்கிச் சொல்வேன். கற்றுக்கொள்வதைவிட அது களைப்பான வேலை. மாமியார் எல்லாவற்றையும் பிடித்தாள். என் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. அதற்குள் இயந்திரத்தை நான்கு விமான நிலையங்களில் உண்மையான வேலைக்கு விட்டுவிட்டார்கள் என்று சொன்னார்கள். மேடம் கேக் வாங்கிக் கொடுத்தார்.

நான்காவது மாதம் ஒரு திங்கட்கிழமை எங்கள் ஆறு பேரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் ஆறு கோடுகள் கொண்ட ஒரு வரைகோட்டுப் படத்தைப் போட்டிருந்தார். அவர் முகம் சரியாக இல்லை.

"மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு சம்பவம் நடந்திருக்கு. எந்த ஏர்போர்ட்னு சொல்லக் கூடாது. இறங்கிட்டிருந்த ஒரு விமானத்தைப் பன்னெண்டாயிரத்துல நிக்கச் சொல்லியிருக்கு நம்ம மெஷின். பைலட் பத்தாயிரம்னு திருப்பிச் சொன்னார். மெஷின் அதைப் புடிக்கல. சரின்னு விட்டுடுச்சு. கீழ பதினொண்ணுல இன்னொரு விமானம்."

மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

"ரெண்டு விமானத்துலயும் இருக்கிற எச்சரிக்கைக் கருவி கத்தி, ஒண்ணு ஏறி, ஒண்ணு இறங்கித் தப்பிச்சாங்க. ரெண்டுலயும் சேத்து முந்நூறு பேர். யாருக்கும் ஒண்ணும் ஆகல. பாதிப் பேர் தூங்கிட்டிருந்தாங்களாம்."

"மெஷினுக்கு மேல ஒரு ஆளு கேட்டுக்கிட்டு இருப்பாவன்னு சொன்னியளே மேடம்?" என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி.

"லிசனர். இருந்தாங்க. முதல் ரெண்டு வருஷம் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒருத்தர் உக்காந்து கேக்கணும்னு சட்டம். மெஷின் தப்பை விட்டா சிவப்புப் பட்டனை அழுத்தணும். அன்னைக்கு அழுத்தல."

"ஏன்?"

"அது ஏஜென்சி ஆளு, ஏர்போர்ட்ல இல்ல, எங்கேயோ ஒரு ஊர்ல உக்காந்து லைன்ல கேக்கிறவங்க. பேர்கூட எனக்குத் தெரியாது, நம்பர்தான். அவங்களை வேற டீம் விசாரிக்குது. என் வேலை மெஷின் ஏன் புடிக்கலைன்னு பாக்கிறது." அவர் சுவரைக் காட்டினார். "இது நீங்க எல்லாரும் சொன்ன தப்புங்க. ஒவ்வொரு தப்புக்கும் முன்னாடி ஒரு சின்ன இடைவெளி இருக்கு. அரை செகண்ட், முக்கால் செகண்ட். ஆயிரக்கணக்குல. மெஷின் என்ன கத்துக்கிட்டது தெரியுமா? தயங்கினா தப்பு. தயங்காம சொன்னா சரி. நம்பரை அது ஒழுங்கா கேக்கவே இல்ல. அந்த பைலட் தயங்கல."

சுடலைமுத்து அண்ணாச்சி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யாரையும் திட்டப்போறதில்ல," என்றார் மேடம். "தப்பு வரலைன்னா அனுப்பிடுவோம்னு சொன்னது நாங்க. நீங்க போட்டீங்க. நானும் எண்ணிக்கையை மட்டும்தான் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒருத்தரோடது மட்டும் வேற மாதிரி இருக்கு."

ஆறு கோடுகளில் ஒன்றில் இடைவெளியே இல்லை. அது இரண்டாவது கூண்டு.

"இசக்கி, எட்டு மாசம் ஆச்சு. உங்களுக்கு மட்டும் இன்னும் நெசத் தப்பு எப்படி வருது?"

"தெரியல மேடம். மண்டையில ஏறல போல."

அது பொய். அந்த மாடியில் வரைபடத்தைப் பார்க்காமலே எல்லாக் கட்டத்தின் உயரத்தையும் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

கூட்டம் முடிந்ததும் மேடம் என்னை நிறுத்தினார். "ரெண்டு வாரத்துல நெசத் தப்பு வரலைன்னா இந்த மாடியை மூடச் சொல்லியிருக்காங்க. நீ அவங்க கூட உக்காரு. என்ன பண்றாங்கன்னு பாத்துச் சொல்லு. ஒருவேளை அவங்களுக்கே தெரியாம இருக்கலாம்."

மூன்று நாள் இசக்கியக்காவின் கூண்டில், அவள் இருக்கைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். காலையில் அவள் தப்பே விடவில்லை. பேனாவின் மூடியால் வரைபடத்தில் பாதையைத் தொட்டுக்கொண்டே போவாள். குரல் தெளிவாக, தணிவாக இருக்கும். பதினொரு மணிக்கு மேல் மூடி நகர்வது நின்றுவிடும். கண் திறந்துதான் இருக்கும். அழைப்பு வந்தால் உடனே, அதே தெளிவோடு பதில் சொல்வாள். அந்தப் பதில் ஐந்து நிமிடம் முன்பு வந்த அழைப்புக்கு உரியதாக இருக்கும். மாமியார் திருத்தும்போது லேசாக உடம்பு தூக்கிப்போடும். அப்போதுதான் விழிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் கேட்டேன்.

"எக்கா, நீங்க தப்பு போடல."

"இல்ல."

"நெசமாவே வருது."

"வருதுல்லா."

"ஒறங்குறதே இல்லையாக்கா?"

"பஸ்ஸுல ஒறங்குதேன். ஞாயித்துக்கெழம ஒறங்குதேன்."

"ஆஸ்பத்திரியில செத்த நேரம் கண்ண மூடலாம்லா?"

"மூடக் கூடாது. அந்த வேலையே அதான்." ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்தாள். காது மடல் சிவந்து தடித்திருந்தது. "ரெண்டுல ஒண்ண விட்டுருன்னுதான் வீட்டுல அவியளும் சொல்லுதாவ. எத விட? பிள்ளையள எண்ணிப் பாத்தா ராத்திரி வேலைய விட முடியல. இத விட மனசில்ல."

"இதுவா? இதுல என்னக்கா இருக்கு?"

"என்ன இருக்கா. நீ கண்ணாடியில ஒன்னப் பாத்திருக்கியா, பேசும்போது? வெளிய வந்தா வாயில கொழுக்கட்ட. உள்ள போனா எம்புட்டு அதிகாரமாப் பேசுத. அது மாதிரிதான். இதையெல்லாம் கத்துக்கிட்டு வேற எங்க போயிளா பேசுவேன்?"

ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டேன்.

"மேடத்துகிட்ட என்னன்னுக்கா சொல்ல?"

"பாத்ததச் சொல்லு. நீ பொய் சொன்னா மூஞ்சியிலயே தெரியும்."

அன்று சாயங்காலம் மேடத்தின் அறைக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டு போனேன். உள்ளே போனதும் ஒரு வார்த்தைதான் வந்தது. "தூக்கம்," என்றேன்.

மேடம் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "அதான்," என்றார். "அதான், இல்ல? தேங்க்ஸ் கிருபா." கணினிப் பக்கம் திரும்பி எதையோ தட்ட ஆரம்பித்தார். இசக்கியக்காவுக்கு ஓய்வு கொடுப்பார்கள், இந்த ஒரு வேலைக்கே இரண்டு வேலைச் சம்பளம் தருவார்கள் என்றெல்லாம் எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி கூட்ட அறை. மேடம் இந்த முறை தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தார்.

"வழி கிடைச்சிருக்கு. யாரையும் அனுப்ப வேண்டாம்னு மேல ஒத்துக்கிட்டாங்க. வாரத்துல ரெண்டு நாள், சாயங்காலமே இங்க வந்துடணும். ராத்திரி முழுக்க கீழ ஹால்ல முழிச்சிருக்கணும். டீ, சாப்பாடு எல்லாம் உண்டு. ஒரு டாக்டர் இருப்பார். காலையில நேரா கூண்டுக்கு. நீங்க எதையும் நடிக்க வேண்டாம். சரியாச் சொல்லத்தான் பாக்கணும். தப்பு தானா வரும். விருப்பம் இருக்கிறவங்க மட்டும் கையெழுத்து போட்டா போதும். தனியா படி உண்டு."

என் வாயிலிருந்து போன ஒரு வார்த்தை திட்டமாகித் திரும்பி வந்திருந்தது.

"ராத்திரிக்குப் படம் போடுவியளா மேடம்?" என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி.

"போடுவோம்."

"சண்டைப் படமாப் போடுங்க. குடும்பப் படம் போட்டா நான் ஒறங்கிருவேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். கடைசிக் கூண்டில் இருந்த பெண், திரும்பிப் போக வண்டி உண்டா என்று கேட்டாள். உண்டு என்றார் மேடம். தாள்கள் கை மாறின. சுடலைமுத்து அண்ணாச்சி முதலில் போட்டார். பிறகு மற்றவர்கள். என்னிடம் வந்தபோது நானும் பேனாவை எடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. அது எந்தப் பாடத்திலும் இல்லை. என் பெயரை எழுதினேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் பிற்பாடு எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தாளை இசக்கியக்காவிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"இதனால மெஷின் சரியாயிருமா மேடம்?"

"ஆகும். தயங்காம வர்ற தப்பை அது கேட்டுக் கத்துக்கணும். ஆறு மாசம் புடிக்கும்."

"அது வரைக்கும் நிப்பாட்டி வச்சிருப்பாவளா?"

"நிறுத்த முடியாது இசக்கி. நாலு ஏர்போர்ட் இப்ப அதை நம்பித்தான் ஓடுது. பழைய ஆளுங்களை எல்லாம் அனுப்பியாச்சு."

"அப்பம் அது வரைக்கும்?"

"லிசனர் இருக்காங்களே. மெஷின் விட்டாலும் அவங்க புடிப்பாங்க. டூட்டிக்கு முன்னாடி எட்டு மணி நேரம் கட்டாயம் தூங்கியிருக்கணும்னு அவங்களுக்கு ரூல் இருக்கு. உங்களை மாதிரி கிடையாது."

"அன்னைக்குப் புடிக்கலையே மேடம்."

"அந்த ஆள் கவனிச்சிருக்க மாட்டாங்க. ஏஜென்சி அந்த நம்பரையே எடுத்துட்டாங்க. வேற நம்பர் போட்டாச்சு. அந்தப் பிரச்சினை முடிஞ்சுது."

இசக்கியக்கா சுவரைப் பார்த்தாள். அங்கே இன்றைக்கு ஒன்றும் போடப்படவில்லை.

"கவனிச்சாங்க மேடம்," என்றாள். "நல்லாக் கவனிச்சாங்க. அவன் பத்தாயிரம்னு சொன்னான். காதுல பன்னெண்டுன்னுதான் விழுந்துச்சு."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் இசக்கியக்காவின் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை. கூண்டுக்குள் காலை நேரங்களில் பேசுவாளே, அந்தத் தெளிவான, தணிந்த குரல். பட்டனை அழுத்துகிறவள் போல ஒரு மூச்சு விட்டாள். அப்புறம் பேசினாள்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போகல மேடம். மெஷின வேலைக்கு விட்ட நாள்லருந்து ஒருநாளும் போகல. ஏஜென்சியில நம்பரத்தான் மாத்துனாவ. ஆள மாத்தல. அன்னைக்கு ராத்திரி அந்த லிசனர் சீட்டுல இருந்தது நாந்தான். இன்னைக்கு ராத்திரியும் நாந்தான்."